பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு நடை

ஒரு தை மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வசிக்கும் என் அக்காவிடம் சென்றிருந்தேன். "நாளைக்குக் கிறாண்ட் கன்யன் பார்க்கப் போவம். லூசியும் வருவாள்" என்றார். லூசி அக்கா வளர்க்கும் நாய். எனக்குள் ஒரு தயக்கம். குளிருக்குப் பயந்து அல்ல. 2008 இற்குப் பின் நான் எந்த நாயையும் தொட்டதில்லை.

கிறாண்ட் கன்யன் கொலறாடோ ஆறு பாறையை அரித்து உண்டாக்கிய பெரும் பள்ளத்தாக்கு. நீளம் 446 கிலோமீற்றர். ஆழம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் அதிகம். அதன் தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். விளிம்பை ஒட்டிய நடைபாதையில் நாயைக் கொண்டுசெல்லலாம். ஆறடிக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கினுள் இறங்கும் பாதைகளில் நாய்க்கு அனுமதியில்லை.

மிதிபட்ட பனி கண்ணாடிபோல இறுகிக் கிடந்தது. சப்பாத்தின் மேல் இரும்பு முள் வைத்த றப்பர் வாரை மாட்டிக்கொண்டோம். அக்கா கயிற்றை என்னிடம் தந்து, "கையில சுத்தாதை. வழுக்கினால் இழுத்துப்போடும்" என்றார்.

அப்பாதையின் ஒரு பகுதியில் பூமியின் வயதைக் காட்ட உலோகக் குறிகள் பதித்துள்ளார்கள். ஒரு மீற்றர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டுகள். அடிப்பாறைகளின் வயது ஏறத்தாழ 184 கோடி ஆண்டுகள். எங்கள் யுத்த காலம் முழுவதும் இந்தக் கணக்கில் ஒரு மயிரிழைத் தடிப்புக்கும் வராது என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஆனால் அது எனக்கு ஆறுதல் தரவில்லை.

நடையின் முடிவில், கீழே வெகு ஆழத்தில் இலையுதிர்ந்த மரக்கூட்டம் ஒன்று தெரிந்தது. அது ஹவசுப்பாய் என்னும் பழங்குடி மக்கள் குடியிருந்து பயிர்செய்த இடம். 1919 இல் இப்பகுதி தேசியப் பூங்காவானது. அதன் பின் அவர்கள் அங்கிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள். கடைசியாக எஞ்சியிருந்தவர் 1928 இல் வெளியேறினார். 1975 இல் வேறு நிலத்தின் ஒரு பகுதி அம்மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இந்த இடத்துக்கு 2022 இல்தான் 'ஹவசுப்பாய் தோட்டம்' என்று அவர்களது பெயர் சூட்டப்பட்டது.

அதைக் கேட்டதும் அக்கா, "எங்கட வீமன் எங்க போனவன்?" என்றார். அவர் வெளிநாடு போகும்போது வீமன் குட்டி. ஓடிவிட்டான் என்றுதான் தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.

அன்று உண்மையைச் சொன்னேன். 2008 கார்த்திகை, கிளிநொச்சிப் பக்கம், விடாத மழை. உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களுக்கே இடமில்லை. வீமன் பின்னால் ஓடிவந்தான். இரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்று நம்பி, நான்தான் அவனை மாமரத்தில் கட்டினேன். நாங்கள் திரும்பியபோது மரமும் இல்லை.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கட்டினது திரும்பி வருவம் எண்டுதானே" என்றார்.

சகோதரிகளே, நான் சமூகவியல் படித்தவள். இடம்பெயர்ந்த குடும்பங்களின் இழப்பு விபரங்களைப் படிவங்களில் நிரப்புவது என் தொழில். வீடு, காணி, நகை, மாடு என்று நிரல்கள் உண்டு. கட்டிவைத்துவிட்டு வந்த நாய்க்கு நிரல் இல்லை. 'மனிதரே செத்தார்கள், நாயைப் பற்றி என்ன பேச்சு' என்று நானும் எனக்கே சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். ஆனால் சின்னதென்று ஒதுக்கிய துக்கம் போய்விடுவதில்லை. ஒரு நாயைத் தொடவிடாமல் இத்தனை வருடம் கையைப் பிடித்திருந்தது. இப்போதெல்லாம் படிவம் நிரப்பி முடிந்ததும், "இதில எழுதாத ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறேன். அதன் பிறகுதான் பல பெண்கள் பேசத் தொடங்குகிறார்கள். நீங்களும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இறங்கு பாதையின் வாசலில் நாய்களுக்குத் தடை என்ற பலகை இருந்தது. அக்காவுக்குச் சிறிது தூரம் இறங்கிப் பார்க்க ஆசை.

"நீங்கள் போட்டு வாங்கோ அக்கா. நான் இவளோட நிக்கிறன்" என்றேன்.

பனியைத் தட்டிவிட்டு ஒரு கல்லில் இருந்தேன். லூசி என் முழங்காலில் தலை வைத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு அவளைத் தடவினேன்.