குடல் நரம்பு

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் உள்ள லூட்டுகளில் பழைய நரம்பு இருப்பதில்லை. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. சிலவற்றில் பின்னால் யாரோ பார்வைக்காகக் கட்டியது. மரம் நானூறு ஆண்டு தாங்குகிறது. ஆட்டுக் குடலை முறுக்கிக் காயவைத்த நரம்பு, வாசிக்கிறவன் கையில் சில மாதம். மேல் நரம்பு என்றால் சில நாள். சப்தம் பிறந்ததோ அந்த நரம்பில்தான். மற்றதெல்லாம் அதை ஏந்திக்கொண்டிருந்த பாத்திரம். பழைய சங்கீதத்தை அசலாக மீட்டுவிட்டோம் என்று இசைத்தட்டு உறைகளில் எழுதுகிறவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தமிழில் வீணைக்குத் தந்தி என்கிறோம், கம்பி என்கிறோம். நரம்பு யாழுக்கு உரிய சொல். யாழ் போய்விட்டது, சொல் நம் உடம்புக்குள் தங்கிவிட்டது. லூட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது வேறு சொல் எதுவும் கைக்கு வரவில்லை.

வாத்தியத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். அரபியர்களின் 'அல் ஊத்'தான் ஐரோப்பாவில் லூட் ஆயிற்று. பெயரும் அதிலிருந்து வந்ததே. ஊத்தை இறகு கொண்டு மீட்டுவார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர்கள் இறகைக் கீழே வைத்துவிட்டு விரலால் மீட்டத் தொடங்கினார்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று குரல்களைச் சேர்த்து வாசிப்பது அதனால் எளிதாயிற்று. 1507இல் வெனிஸில் பெத்ருச்சி லூட்டுக்கென்று முதல் புத்தகத்தை அச்சிட்டார். நெடுக்கில் பாதியாக அறுத்த பேரிக்காய் போன்ற வடிவம். மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிய முதுகு. முன்பலகை இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. முழு வாத்தியமும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். நரம்புகள் ஜோடி ஜோடியாக, மேல் நரம்பு மட்டும் பெரும்பாலும் தனியாக. மெட்டுகளும் நரம்புதான்! வீணையில் மெழுகில் ஊன்றிய உலோக மெட்டு போல அவை நிலைத்து நிற்பதில்லை. தண்டியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டுவது. சுருதிக்குத் தக்கபடி விரலால் தள்ளி நகர்த்தலாம். தானாகவும் நகரும்.

என்னிடம் இருப்பது ஏழு ஜோடி லூட், பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் செய்த மாதிரியைப் பார்த்துச் செய்தது. எட்டு வருஷம் அதில் நைலான் கட்டி வாசித்தேன். பிறகு குடல் நரம்புக்கு மாறினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு உருப்படியான பதில் எதுவும் அப்போது சொல்லவில்லை.

மேல் நரம்பின் கனம் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். பழைய பயிற்சி நூல்கள் பல இதைப் பற்றிச் சொல்வது ஒரே விஷயம்: அறுந்துபோகாமல் எவ்வளவு உயரத்துக்குப் போகுமோ அவ்வளவுக்கு முறுக்கு; மற்ற நரம்புகளை அதற்குச் சேர்த்துக்கொள். முதலில் படிக்கும்போது இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. ஒரு நரம்பு எந்தச் சுருதியில் அறும் என்பதை அதன் நீளமும் பொருளும் தீர்மானிக்கின்றன, கனம் அல்ல. தடித்த நரம்பைக் கட்டினால் தப்பிக்கலாம் என்று நினைக்க முடியாது. அதுவும் அதே இடத்தில்தான் அறும். மேல் நரம்பைத் தாழ்த்திச் சேர்த்தால் கீழ் நரம்புகள் தொய்ந்து குரலே இல்லாமல் போய்விடும். ஆகவே வாத்தியம் முழுவதும் ஒரு மெல்லிய நரம்பின் அறுபடும் எல்லையிலிருந்து தொங்குகிறது. நைலான் நீளும், பொறுத்துக்கொள்ளும். குடல் பொறுப்பதில்லை. அறுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் அதில் மயிரிழைகள் எழும்பும். நகவெட்டியால் அவற்றை நறுக்கிவிட்டு மேலே வாசிக்க வேண்டியதுதான்.

புது நரம்பு நல்லதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இரு கைகளிலும் இழுத்துப் பிடித்து ஒரு விரலால் சுண்டினால், அதிர்வில் தெளிவான இரண்டு கோடுகள் தெரிய வேண்டும். மூன்றாக, கலங்கலாகத் தெரிந்தால் எந்த மெட்டிலும் சுருதி நிற்காது. பதினாறாம் நூற்றாண்டு நூல்களில் இதற்குப் படமே போட்டிருக்கிறது. நானூறு வருஷத்துக்கு முந்திய நூலைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கடியில் அதையே செய்யும்போது எனக்குப் புல்லரித்தது என்று எழுதினால் அது பொய். நரம்பின் விலைதான் ஞாபகத்தில் இருந்தது.

செலவைப் பற்றிய புலம்பலும் பழையதுதான். லூட் வைத்துக்கொள்வது குதிரை வைத்துக்கொள்வது போல என்று பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பேச்சு. கேம்ப்ரிட்ஜைச் சேர்ந்த தாமஸ் மேஸ் 1676இல் வெளியிட்ட தடித்த புத்தகத்தில் இதை மறுத்துக் கணக்குச் சொல்கிறார். அந்தப் புத்தகத்தை எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன், சங்கீதத்தில் ஈடுபாடு இல்லாதவர்களும். பகல் வேளையில் லூட்டைப் படுக்கையில், கம்பளத்துக்கும் போர்வைக்கும் நடுவே வைக்கச் சொல்கிறார். ஈரம் ஏறாது, பசை விடாது, நரம்பு சீக்கிரம் அறாது. யாரும் யோசிக்காமல் அந்தப் படுக்கையில் போய் விழாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறார். அப்படி நல்ல லூட்டுகள் நசுங்கியதை அவர் அறிவார். 1713இல் ஜெர்மானிய விமரிசகர் மத்தேசோன், எண்பது வயது வரை வாழ்ந்த லூட் வாசிப்பாளன் அறுபது வருஷத்தைச் சுருதி சேர்ப்பதில் கழித்திருப்பான் என்று கேலி செய்தார். இந்தக் கேலி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கிய நாட்களில் எனக்கு அது கேலியாகவே படுவதில்லை.

இன்னும் தீராத சிக்கல் கீழ் நரம்புகளில் இருக்கிறது. உலோகக் கம்பி சுற்றிய நரம்பு பற்றிய விளம்பரம் லண்டனில் வந்தது 1664இல். டௌலண்ட் 1626இலேயே இறந்துவிட்டார். அப்படியானால் அவருடைய தாழ்ந்த சுரங்கள் எதில் ஒலித்தன? வெறும் குடலில் அந்தச் சுருதிக்கு வேண்டிய கனத்துக்கு முறுக்கினால் நரம்பு கயிறாகிவிடும், மந்தமாக முனகும். இத்தாலியில் நரம்பு செய்யும் மிம்மோ பெருஃபோ, எஞ்சியிருக்கும் பழைய லூட்டுகளின் குதிரைகளில் நரம்பு நுழையும் துளைகளை அளந்தார். அந்தத் துளைகளில் அவ்வளவு தடித்த குடல் நுழையவே நுழையாது. குடலுக்குள் ஏதோ கனமான பொருளை ஏற்றியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அப்படியே செய்தும் விற்றார். ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. ஒரு துளையின் விட்டத்திலிருந்து மறைந்துபோன குரலை ஊகிக்கும் இந்தக் காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏட்டில் செல்லரித்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பதிப்பாசிரியனின் வேலைதான் இதுவும்.

மரமாவது அசலா என்றால் அதுவும் இல்லை. பொலோஞாவில் வாழ்ந்த லௌக்ஸ் மாலர் 1552இல் இறந்தபோது பட்டறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட லூட்டுகள் இருந்தன. இன்று கைவிரலால் எண்ணுகிற அளவுதான் மிச்சம். அவையும் பின்வந்தவர்கள் தண்டியை எடுத்துவிட்டு அகலமான தண்டி போட்டு, நரம்புகளைக் கூட்டிக்கொண்டவை. மதிப்பு வைத்ததால்தான் அறுத்தார்கள்.

இனி ஜூலியன் பிரீம். 2020இல் காலமான இந்தக் கிதார் கலைஞர்தான் இருபதாம் நூற்றாண்டில் லூட்டைக் கச்சேரி மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் என்று சொல்ல வேண்டும். அவர் வாசித்தவை கனமான லூட்டுகள், உலோக மெட்டு பதித்தவை, நைலான் கட்டியவை. கிதார் வாசிக்கிறவர்கள் போல நகத்தால் மீட்டினார். பழைய ஓவியங்களில் பார்க்கிறோம், சுண்டுவிரல் பலகையில் ஊன்றியிருக்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்கு உள்பக்கமாகப் போகும். இறகு பிடித்த கையின் மிச்சம் அது. கட்டைவிரல் ஓங்கி விழும், ஆள்காட்டி விரல் தணிந்து எழும்பும். ஓட்டச் சுரங்கள் ஒரு வல்லோசை, ஒரு மெல்லோசை என்று பேசிக்கொண்டு போகும். 1970களில் இதை மீட்டெடுத்தவர்கள் பிரீமைப் பற்றி, லூட் உருவத்தில் கிதார் வாசித்தவர் என்றார்கள். தகவல் என்ற அளவில் அவர்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

என் அபிப்பிராயம் சற்று வேறு. டௌலண்டின் பவான்களில் ஒவ்வொரு பகுதியும் முதலில் எளிமையாக வரும், உடனே ஓட்டச் சுரங்களோடு திரும்ப வரும். பிரீமின் கையில் நீண்ட சுரம் நின்று ததும்பும். அதற்குப் பிறகு வரும் ஓட்டங்கள் அலங்காரம் போலத் தோன்றும், இல்லாவிட்டாலும் குறையில்லை என்பது போல. குடல் நரம்பில் நீண்ட சுரம் நிற்பதில்லை. பிறந்தவுடன் தேயத் தொடங்குகிறது. அந்தத் தேய்வைப் பக்கத்தில் இருந்து கேட்டவன், திரும்ப வாசிக்கும்போது அந்த இடைவெளியில் சுரங்களை எழுதாமல் இருக்க முடியாது. நைலானில் எட்டு வருஷம் வாசித்தும் எனக்குப் புலப்படாத இந்த விஷயம், குடல் கட்டிய மூன்றாம் வாரம் விரலுக்குத் தெரிந்தது. ஏன் மாறினேன் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

ஆனால் அந்த முதல் பகுதி, அலங்காரம் இல்லாத எட்டு அடிகள், பிரீம் வாசித்தது போல வேறு யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. சரியான கையும் சரியான நரம்பும் உள்ள இசைத்தட்டுகள் என்னிடம் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. பலவற்றில் எல்லாம் இருக்கிறது, வாசிக்கிறவன் மட்டும் இல்லை. இதைச் சொன்னால் சங்கத்து நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். பிரீமின் ரசிகர்களிடம் குடல் நரம்பைப் பற்றிப் பேசினால் அவர்களும் சுளிக்கிறார்கள். இரு தரப்பாரும் சேர்ந்து சண்டை போடுவது ஒரே குரலுக்காக. அந்தக் குரலை நேரில் கேட்ட காது எதுவும் மிச்சமில்லை.

மேஸுக்கு வயதான காலத்தில் காது மந்தமாகிவிட்டது. தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக 1672இல் ஐம்பது நரம்புகள் கொண்ட இரட்டை லூட் ஒன்றைச் செய்துகொண்டார். சாதாரண லூட்டின் குரலைக் கேட்க அவருக்கு ஒரே வழிதான் இருந்தது: வாத்தியத்தின் விளிம்பில் பற்களைப் பதித்துக்கொள்வது.