தேய்ந்த திறப்பு

எங்கள் மொரிஸ் மைனர் 1958ஆம் ஆண்டுக் கார். அதில் திறப்பைத் திருப்பினால் சிவப்பு விளக்கு மட்டுமே எரியும். எஞ்சினை இயக்கத் தனியே ஒரு குமிழை இழுக்க வேண்டும். மூத்தவாப்பா மௌத்தான பிறகு திறப்பு எவர் கைக்கும் திரும்பவில்லை. "அது அவருக்குப் பழகின பூட்டு" என்றார் உம்மா. பூட்டையே மாற்றச் சொன்னார் மெக்கானிக். வாப்பா பதில் பேசவில்லை.

பூட்டினுள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. திறப்பின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும். பல் தேய்ந்தால் ஏதாவதொரு தகடு தடுக்கும். மூத்தவாப்பா திறப்பை மயிரிழை வெளியே இழுத்துப் பிடித்தே திருப்புவார். உம்மா சொன்ன பழக்கம் அதுதான். தேய்ந்த திறப்பைக் கொடுத்து நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். அப்படி இரண்டு நகல்கள் லாச்சியில் கிடந்தன. எண்ணெய் விட்டாலோ தூசி ஒட்டிச் சேறாகிவிடும். எதற்கும் தேங்காயெண்ணெய் விடும் எங்கள் வீட்டில் இதை யார் நம்புவார்?

பூட்டின் முகத்தைத் துடைத்தபோது எஃப்எஸ் என்று தொடங்கும் இலக்கம் தெரிந்தது. தேய்வதற்கு முந்திய அளவு அந்த இலக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த சாச்சி அதற்குரிய புதுத் திறப்பைக் கொண்டுவந்தார். பென்சில் கரியைப் பொடித்துத் தடவினேன். நம் நாட்டு போகல சுரங்கத்தில் எடுக்கும் காரீயமும் இதுதான். திருப்பினேன். விளக்கு எரிந்தது. குமிழை வாப்பா இழுத்தார்.

பழைய திறப்பை அவர் இன்னும் வளையத்திலிருந்து கழற்றவில்லை.