குலுக்கை வீடு

எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் போகிற சாலையில் பாதி வழியில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்தால் எங்கள் ஊர். மழை நாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கரிசல் காலை விடாது. கோடையில் அதே மண் முழங்கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் வானத்தைப் பார்த்து, தை மாசியில் வீடு வந்தால் வந்ததுதான். அடுத்த அறுப்பு வரைக்கும் அதைக் கொண்டு ஓட்ட வேண்டும்.

அப்படி ஓட்டுவதற்கென்றே எங்கள் வீட்டுக்குள் ஓர் இருட்டறை இருந்தது. அடுப்படிக்குப் பின்னால், சன்னல் கிடையாது. குலுக்கை வீடு என்போம். உள்ளே மூன்று குலுக்கைகள், ஆள் உயரத்துக்கும் மேலே. மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து, உறை உறையாக அடுக்கி, சாணி மெழுகியவை. மேலே மூடி, அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதைப் பழந்துணியால் அடைத்திருக்கும். துணியைப் பிடுங்கினால் தானியம் சரசரவென்று முறத்தில் இறங்கும். மேலே புதுசைக் கொட்டினாலும் கீழே பழசுதான் முதலில் வரும். ஒன்றில் சோளம், ஒன்றில் கம்பு, மூலையில் இருந்ததில் வரகு.

தை பிறந்ததும் என்னைத்தான் உள்ளே இறக்குவார்கள். மெலிந்த உடம்பு என்பதால் அந்த வேலை எனக்கு வாய்த்தது. மாமா இரண்டு கையையும் பிடித்துத் தொங்கவிட, காலடியில் பழந்தானியத்தின் தூசி கம்மென்று கிளம்பும். வேப்பங்கொத்தால் சுவரெல்லாம் துடைக்க வேண்டும். உள்ளிருந்து கத்தினால் நம் குரலே வேறு யாருடையதோபோல் திரும்பி வரும். அதற்காகவே நான் தேவைக்கு மேல் கத்துவேன். “ஏய்யா, குலுக்கைக்குள்ள நின்னு கூப்பாடு போடாத, தானியம் தங்காது” என்று ஆச்சி மேலிருந்து அதட்டுவாள். பிறகு நொச்சி இலையும் வேப்பிலையும் இடையிடையே போட்டு, காயவைத்த தானியத்தைக் கொட்டுவார்கள்.

வரகுக் குலுக்கையைச் சாதாரண நாளில் யாரும் தொடக்கூடாது. உமியோடு கிடந்தால் வரகு பல வருஷம் கெடாது. அது பஞ்சத்துக்கு. ஆச்சியின் பாட்டி தாது வருஷத்துப் பஞ்சத்தில் சிறுபிள்ளையாக இருந்தவளாம். 1876-இல் தொடங்கி 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்து வைத்திருந்த புல்லரிசியை எடுத்துக் காய்ச்சிக் குடித்த கதையை ஆச்சி தன் கண்ணால் பார்த்ததுபோலவே சொல்லுவாள். அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் ஒவ்வொரு படியாக அளக்கும்போது அந்த எறும்புப் புற்று எங்கோ பக்கத்தில் இருந்தது.

கடையில் வாங்குவது கொஞ்சம்தான். வேப்பலோடைப் பக்கமிருந்து உப்பு வரும். வேம்பாரிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் வரும். மண்ணெண்ணெய், வருஷத்துக்கு இரண்டு சேலை, வேட்டி. கருப்பட்டி ஓலைக்கொட்டானில், அடுப்புக்கு நேர் மேலே பரணில் இருக்கும். ஐப்பசி ஈரத்தில் கருப்பட்டி இளகி வடியும்; புகை பட்டுக்கொண்டே இருந்தால் தாங்கும். அடுப்பில் எரிவது பருத்திமார். பருத்தி எடுத்து முடிந்த செடியைப் பிடுங்கிப் படப்பாக அடுக்கியிருப்பார்கள். சேலை நைந்தால் அதற்கு அடுத்தடுத்து உத்தியோகம் இருந்தது: தொட்டில், பிறகு வத்தல் காயவைக்கிற விரிப்பு, பிறகு பானை இறக்கும் பிடிதுணி, பிறகு குலுக்கையின் துளைக்கு அடைப்பு, கடைசியில் விளக்குத் திரி. எங்கள் அம்மாவின் கல்யாணச் சேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அத்தைக்குத் துல்லியமாகத் தெரியும்.

துவரைக்குச் செவல் மண் வேண்டும். எங்கள் கறுப்பு மண் அதற்கு ஆகாது. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து பெட்டியில் சுமந்து வருவோம். மண்ணைக் கரைத்து, ஊறிய துவரையில் பிசறி, வெயிலில் போட்டால் ஒவ்வொரு மணியும் சிவப்புச் சட்டை போட்டுக்கொள்ளும். பயறு வண்டு மணியின் மேல்தோலில்தான் முட்டை வைக்கும். மண் பூச்சின் மேல் அதற்கு இடம் கிடைக்காது. ஆச்சிக்கு வண்டின் பிறப்பு வளர்ப்பெல்லாம் தெரியாது, வண்டு வராது என்பது மட்டும் தெரியும். தட்டாம்பயறுக்கு அடுப்புச் சாம்பலே போதும்.

மாசி பங்குனியில் புளி. வீட்டு முன்னால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொட்டையெடுப்பார்கள். கல் உப்புத் தூவி, பானையில் அமுக்கி, வேடுகட்டி வைத்தால் அடுத்த வருஷத்துக்குள் கறுத்துவிடும். கொட்டையும் வீணாகாது. துணி ஆலைக்குக் கஞ்சிப் பசைக்கு ஆகும் என்று வியாபாரி வந்து அளந்துகொண்டு போவார். அந்தக் காசு பிள்ளைகளுக்கு. எனக்கு முதன்முதலில் சொந்தக் காசு வந்தது புளியங்கொட்டையில்தான்.

ஆனால் வத்தலில்தான் அந்த வீட்டின் குணம் முழுசாகத் தெரியும். அக்கினி நட்சத்திரத்துக்கு ஊரே பயப்படும். எங்கள் அத்தை அதற்காகக் காத்திருப்பாள். சீனியவரைக்காயை உப்புப் போட்டு அரைவேக்காடாக எடுத்துத் தட்டட்டியில் பரப்புவாள். சின்ன வெங்காயத்தையும் உளுந்தையும் இடித்து, சீரகம், கடுகு, பூண்டு சேர்த்து உருட்டி வடகம் வைப்பாள். கோயில் கொடைக்கு வெட்டிய கிடாயில் மிஞ்சின கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து உப்புக்கண்டம் கட்டுவாள். அன்றைக்கு மட்டும் காக்காய்க்கும் அத்தைக்கும் நேரடி யுத்தம்.

இவற்றிலெல்லாம் மேலானது மிதுக்க வத்தல். மழைக்குப் பின் காட்டில் தானாகப் படர்கிற கொடி. காய் கோவைக்காயின் பங்காளிபோல இருக்கும், வாயில் வைக்க முடியாத கசப்பு. விதைக்கிறவர் இல்லை, காசு கொடுக்கிறவரும் இல்லை. பறித்து வந்து கீறி, உப்புப் போட்ட மோரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி திரும்பவும் அதே மோர். மோர் முழுக்கக் காய்க்குள் போய் முடிகிற வரை இந்த நடை நடக்கும். நாலாம் நாள் மோர்ப்பானை காலி. உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும், வெயில் அதைக் குடித்துவிடும், புளிப்பு மிச்சம் நிற்கும்; பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. அடைமழையில் காய்கறி என்று ஒன்றும் கிடைக்காதபோது நல்லெண்ணெயில் நாலு வத்தலைப் பொரித்து, கம்மங்கஞ்சிக்குக் கடித்துக்கொண்டால் அந்தக் கசப்பு என்னமாய் இருக்கும்! வெஞ்சனம் என்றால் எங்களுக்கு அதுதான்.

இதையெல்லாம் இப்போது வாய் ஊறச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்த வீட்டின் மேல் தீராத கோபம். ஆச்சியின் சட்டம், பூச்சி விழப்போவதை முதலில் தின்று தீர்க்க வேண்டும் என்பது. அதைத் தின்று முடிப்பதற்குள் நல்லது பழசாகிவிடும்; பிறகு அதைத் தின்போம். இப்படி வருஷம் முழுக்க, ஒரு பொருளைக்கூட அதன் நல்ல பருவத்தில் நான் தின்றதில்லை. வடகம் உடையாமல் முழுசாக இருந்தால் அது மாமா வீட்டுக்கு, மதினி பிறந்த வீட்டுக்கு. எங்களுக்கு எப்போதும் உடைசல். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடைக்கும்தான். சோளச்சோற்றைத் தள்ளிவிட்டு அழுத ஒரு நாள், ஆச்சி அடிக்கவில்லை. கும்பாவை எடுத்து மூடி உறியில் வைத்துவிட்டாள். ராத்திரி அதே சோறு நீத்தண்ணிக்குள் கிடந்து எனக்காகக் காத்திருந்தது.

அத்தையின் முதுகைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதில் தாலியறுத்து வந்தவள். வீடு கட்டுசெட்டாக நடந்தது என்று ஊர் ஆச்சியைத்தான் புகழ்ந்தது. விடியுமுன் உரலும் உச்சிவெயிலில் தட்டட்டியும் அத்தைக்கு. பழைய சிக்கனத்தைப் பற்றி எங்காவது யாராவது உருகிப் பேசினால், சம்பளம் வாங்காத ஒரு அத்தை அந்த வீட்டில் இருந்தாளா என்று கேட்கத் தோன்றுகிறது.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டிப் பக்கமிருந்து தீப்பெட்டி ஆபீஸ் வண்டி எங்கள் ஊருக்கும் வர ஆரம்பித்தது. இருட்டோடு வந்து ஹாரன் அடிக்கும். மதினிமார், கொழுந்தியாள்மார், பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய பொட்டப்பிள்ளைகள்கூட தூக்குச்சட்டியோடு ஏறிப் போவார்கள். சனிக்கிழமை கையில் கூலி. மிதுக்கங்காய் காட்டிலேயே பழுத்து உதிர்ந்தது. ஆச்சி வண்டியைத் திட்டினாள். அத்தையோ, இரண்டாம் மாதமே தானும் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். முதல் கூலியில் ஒரு கிலோ சீனியும், யாருக்கும் காட்டாமல் ஒரு பவுடர் டப்பாவும் வாங்கினாள். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்த டப்பா.

ஆச்சி போனது 1983-இல். அதன் பிறகு கம்பும் சோளமும் குறைந்து, காடெல்லாம் சீமைக்கருவேல் ஏறியது. 2006-இல் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய்க்கு வந்தது, 2008-இல் 1 ரூபாய். வருஷத்தில் மூன்று நாள் தின்ற நெல்லுச்சோறு மூன்று வேளையும் வந்தபின் குலுக்கைக்கு என்ன வேலை? பழைய சாக்கும் ஓட்டை வாளியும் அதற்குள் குடியேறின.

2009-இல் பாகம் பிரித்து, பின்கட்டை இடித்தோம். சோளக் குலுக்கையும் கம்புக் குலுக்கையும் கடப்பாரை பட்டதும் பொடிந்தன. வரகுக் குலுக்கை கொஞ்சம் முரண்டு பிடித்தது. அடிப்பாகம் உடைந்தபோது பொலபொலவென்று வரகு சரிந்தது. துளைக்குக் கீழே இருக்கிற தானியம் ஒருபோதும் தானாக வெளியே வராது. அள்ளத்தான் வேண்டும், அள்ள யாரும் இறங்கவில்லை. நான்தான் கடைசியாக இறங்கியவனாக இருக்க வேண்டும்.

எழுபது வயதைத் தாண்டிய அத்தை முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். புடைத்தாள். தூசி பறந்தது. ஒரு பிடியை உள்ளங்கையில் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்து, இரண்டு மணியைப் பல்லில் கடித்தாள்.

“பூச்சி இல்லடா. ரெண்டு படி தேறும். காய்ச்சலாம்.”

வரகுக்குத் தோல் ஏழு என்பார்கள். திருகையில் உடைத்து, உரலில் குத்தி, திரும்பத் திரும்பப் புடைத்தால்தான் அரிசி கண்ணில் படும். திருகையின் மேல்கல்லை யாரோ வாசற்படிக்குப் போட்டிருந்தார்கள். உரல் போன வருஷமே விலைக்குப் போய்விட்டது. மிக்ஸியில் போட்டுப் பார்க்கலாமா என்று மதினி கேட்டாள். அத்தை சிரித்தாள். கொஞ்ச நேரம் முறத்தை மடியில் வைத்தபடியே இருந்துவிட்டு, எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கோழிகளை பா பா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.