சுவிட்சை அணைக்காமல் கேசட் மாற்றினால்

தொண்ணூறுகளில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கும். டிவியோடு இணைத்து விளையாடும் வீடியோ கேம். அதிலேயே கீபோர்டும் சேர்ந்திருந்தால் அதற்குக் 'கம்ப்யூட்டர்' என்று மரியாதை. பர்மா பஜாரில் அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே ஒரு நீளப் பிளவு, அதில் கேசட்டைச் செருக வேண்டும். பாட்டுக் கேசட் போல உள்ளே நாடா கிடையாது; ஒரு சிறு பலகையும் சில்லும்தான். மேலட்டையில் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உட்கார்ந்து எண்ணினால் பத்துப் பன்னிரண்டு தேறும், மற்றதெல்லாம் பெயர் மாற்றம்.

"அணைச்சிட்டு மாத்துடா" என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் கேட்டதில்லை. அவசரம் மட்டும் காரணமல்ல. பெட்டியை அணைத்தால் டிவியில் ஈ மொய்க்கும், 'சர்ர்' என்று இரைச்சல் கிளம்பும். நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருக்கும் அப்பா எழுந்துவிடுவார். எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் பகலில் தூங்கும் அப்பாக்கள் அதிகம். ஆகவே ஓடும்போதே பிடுங்குவார்கள், அடுத்ததைச் செருகுவார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் வினை.

கரண்ட் போனால் இன்னும் மோசம். (எண்ணூரில் அனல் மின் நிலையத்தை வைத்துக்கொண்டு நமக்கே மின்வெட்டா என்று அலுத்துக்கொண்ட காலம்.) சுவிட்ச் போட்டபடியே இருக்க, இருட்டில் கேசட்டை மாற்றுவார்கள். பாதி இறங்கும்போது கரண்ட் வந்துவிடும்.

கேசட்டின் அடியில் அறுபது உலோகப் பற்கள். சிலவற்றில் ஐந்து வோல்ட் மின்சாரம், மற்றவற்றில் செய்திகள். கோணலாக இறங்கினால் மின்சாரப் பல் பக்கத்துப் பல்லைத் தொட்டுவிடலாம். நேராக இறங்கினாலும், மின்சாரம் சேருமுன் செய்திக் கம்பி சேர்ந்தால் சில்லுக்குள் போகக்கூடாத வழியில் மின்னோட்டம் போகும். உப்புக்காற்றில் பற்கள் களிம்பேறிக் கிடக்கும் நம் ஊரில், பையன்கள் கேசட்டை வாயால் ஊதி வேறு செருகுவார்கள். மூச்சின் ஈரம் களிம்பை வளர்க்குமே தவிர, துடைக்காது. பென்சில் ரப்பரால் தேய்த்தவன் கெட்டிக்காரன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. ஓடும் இயந்திரத்தில் இணைப்பு கொடுப்பதை அவர்கள் 'ஆ ஷோ' என்பார்கள். 'சூட்டோடு' என்று பொருள். வீக்கம் தணியுமுன் அறுவை செய்வதற்கும் அதே சொல்தான்.

1979-இல் வந்த அட்டாரி 800 கம்ப்யூட்டரில் கேசட் செருகும் இடத்துக்கு ஒரு மூடி உண்டு. மூடியைத் திறந்தாலே மின்சாரம் நின்றுவிடும். பிள்ளைகளின் புத்தியை அறிந்தவன் செய்த வேலை. இன்றைய பென்டிரைவில் வேறு தந்திரம். உள்ளே நான்கு பட்டைகளைப் பாருங்கள்: ஓரத்து இரண்டும் சற்று நீளம். முதலில் மின்சாரம் சேரும், பிறகுதான் செய்தி. பர்மா பஜார்ப் பெட்டியில் இந்த இரண்டும் கிடையாது.

எதிர் வீட்டுக்காரர் தீபாவளி போனஸில் தம் மகளுக்குத்தான் வாங்கினார், கீபோர்டு பழக. அவள் டைப்பிங் கேசட்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன இரண்டு நிமிடத்தில், என் மகனும் அவள் தம்பியும் அதைப் பிடுங்கிக் கார் ரேஸைச் செருகினார்கள். திரை சாம்பல் நிறமானது. அப்படியே நின்றது.

மறுநாள் நானும் அவரும் ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் பெட்டியைத் திறந்து, பலகையின் நடுவில் இருந்த கறுப்புப் பொட்டைக் காட்டினார். "சில்லு இதுக்குள்ள தான் சார் இருக்கு. ஒட்டி மூடிட்டான். மாத்த முடியாது." திரும்பும்போது பஸ்ஸில், பாதிப் பணத்தை நான் கொடுக்கிறேன் என்றேன். "விடுங்க சார், என் பையனும் தானே கூட இருந்தான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டில் அவர் மனைவியும், "பசங்க தானே அண்ணா" என்றதோடு சரி. அந்தப் பெண் மட்டும் ஒரு மாதம் என் மகனோடு பேசவில்லை.

இன்னொரு போனஸ் வரை யாரும் காத்திருக்கவில்லை. தேரடி அருகே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவளைச் சேர்த்தார்கள்; லோயரும் ஹையரும் பாஸ் செய்தாள். பிடுங்கப்பட்ட கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருக்கோடி வீட்டுப் பெட்டியில் போட்டுப் பார்த்தபோது நன்றாகவே ஓடியது.