தாப்பா மலைச்சாலையில் இரண்டாவது கியர்

அப்பா பிறந்தது கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பதினைந்து வயதில் மலையிறங்கி, கிள்ளானில் லாரி ஓட்டுநராகி, ஓய்வும் பெற்றுவிட்டார். இப்போது 76 வயது. முழங்கால் சரியில்லை. இரண்டு வருடமாக ஒரே பேச்சுதான்: “ஒரு தடவ மேல போய் லயத்தப் பாத்துட்டு வந்திடணும். நம்ம வண்டியிலயே போகணும்.”

‘நம்ம வண்டி’ என்பது 1974ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் கோம்பி. பழைய வண்டியாக வாங்கி, மடக்குக் கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் அப்பா தம் கையாலேயே பொருத்தினார். எங்கள் பள்ளி விடுமுறைகள் போர்ட்டிக்சனிலும் லூமுட்டிலும் அந்த வண்டிக்குள்தான் கழிந்தன.

மூன்று மாதத்துக்கு முன்பு எண்ணெய்க் கசிவுக்காக ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார்கள். அதன்பிறகு கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதப் பள்ளி விடுமுறையில் அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கிளம்பினோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா வரை ஒரு குறையும் இல்லை. நாலாவது கியரில் போட்டால் போட்டபடி போய்க்கொண்டிருக்கலாம். சோதனை தாப்பாவுக்கு மேலேதான் தொடங்கியது.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தாழ்வான ஊரிலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் ஏறும் பழைய சாலை. வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. சிம்பாங் பூலாய் வழியாக அகலமான சாலை வந்த பிறகும், அப்பாவுக்கு மலைக்குப் போகும் வழி என்றால் இதுதான். இந்தச் சாலையில் ஒரு கோம்பிக்கு இரண்டாவது கியர்தான் உயிர். மூன்றில் போட்டால் எஞ்சின் திணறும். ஒன்றில் போட்டால் அலறும்.

சாலையோரம் பூர்வகுடி மக்கள் பெத்தாயும் தேனும் விற்கும் கடைகளைத் தாண்டியபோது, இரண்டாவது கியர் கிடைக்கவில்லை. குச்சியை எங்கே தள்ளினாலும் சட்டியில் கரண்டி ஆடுவதுபோல ஆடியது. ஒருமுறை ரிவர்ஸ் பக்கம் உரசிக் ‘கர்ர்’ என்று கத்தியது. முதல் கியரிலேயே ஊர்ந்துபோய், லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு அருகே சமதளமான இடத்தில் நிறுத்தினேன்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். “கியர்பாக்ஸ் போயிடுச்சி சார். இழுவை லாரி வச்சிக் கொண்டாந்திடுங்க. மாத்த ஆறாயிரம் வெள்ளி ஆகும்” என்றார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வண்டியை விற்றுவிடலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அப்பா மட்டும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி, “எஞ்சின நிறுத்திட்டு ஒவ்வொரு கியரா போட்டுப் பாருடா” என்றார். போனில் இழுவை லாரி தேடிக்கொண்டிருந்த நான் அதைக் காதில் வாங்கவே இல்லை.

எங்களைப் பார்த்துக் காய்கறி லாரி ஓட்டுநர் ஒருவர் நிறுத்தினார். “தாப்பாவுல ஓர் அண்ணன் இருக்காரு. பழைய வோக்ஸ்வேகன்னா அவருக்கு உசுரு” என்று சொல்லி அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் மெக்கானிக் வந்து சேர்ந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவர் கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் கேட்ட கேள்வி: “தம்பி, எஞ்சின நிறுத்திட்டுப் போட்டுப் பாத்தீங்களா?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் உதவும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எஞ்சினை நிறுத்தி, கிளட்சை மிதித்து, நான்கு கியரையும் போட்டுப் பார்த்தார். நிறுத்தியிருக்கும்போது சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். இந்த வண்டியிலோ எஞ்சின் நின்றிருந்தும் இரண்டாவது கியர் கிடைக்கவில்லை.

அடுத்து கிளட்ச். இந்த மாடல் கோம்பியில் கிளட்சை இயக்குவது ஒரு கேபிள். மிதியை விரலால் அமுக்கினால், ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை சும்மா அசைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் பின்பக்கம் கேபிள் நுனியில் இருக்கும் இறக்கை நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். எங்கள் மிதி சரியாகவே இருந்தது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, மூன்று எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டார். தேடிப் பிடிக்கக் கொஞ்சம் ஆட்ட வேண்டியிருந்தது. ஆனால் சத்தமில்லாமல் விழுந்தது. “கிளட்ச் மேல பழி போடாதீங்க. அது நல்லாத்தான் இருக்கு” என்றார்.

எஞ்சினை மறுபடி நிறுத்தச் சொன்னார். கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, வண்டிக்கு அடியில் படுத்தார். சரிவான சாலையில் ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது என்று என் மகனிடம் தனியாகச் சொன்னார். என்னை உள்ளே உட்கார்ந்து குச்சியை மெதுவாக ஆட்டச் சொன்னார்.

கோம்பியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னால், ஓட்டுநர் முன்னால். நம் கை அசைவை ஒரு நீளமான இரும்புத்தண்டுதான் வண்டியின் அடியில் பின்பக்கம் வரை கொண்டுபோகிறது. அந்தத் தண்டைத் தாங்கப் பிளாஸ்டிக் புஷ் உண்டு. கியர்பாக்ஸுக்கு அருகே இணைப்பாக ஒரு கப்ளர் இருக்கும். புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும். கப்ளர் தளர்ந்தால் குச்சி நகர்ந்தாலும் கியர்பாக்ஸுக்கு முழுச் செய்தியும் போய்ச் சேராது. இரண்டாவது கியரும் ரிவர்ஸும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால், தண்டு கொஞ்சம் தவறினாலும் நாம் தட்டுவது பக்கத்து வீட்டுக் கதவாகிவிடும்.

“ஆட்டுங்க... இன்னொரு தடவ...” என்று கீழேயிருந்து குரல் வந்தது. பிறகு சிரிப்பு. “முன்னாடி தண்டு போகுது. பின்னாடி அதுபாட்டுக்கு நிக்குது!”

கப்ளரைத் தண்டோடு பிடித்திருக்கும் சதுரத்தலைத் திருகு பாதி கழன்றிருந்தது. அது தானாகக் கழலாமல் இருக்க மெல்லிய கம்பியால் கட்டி வைக்க வேண்டுமாம். கம்பியே இல்லை. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவர்கள் கட்ட மறந்திருக்கிறார்கள். புஷ்ஷும் நொறுங்கிப் போயிருந்தது. திருகைத் தண்டின் குழிக்குச் சரியாக நிறுத்தி இறுக்கி, கம்பி கட்டினார். புஷ்ஷை ஊருக்குப் போனதும் மாற்றிவிடச் சொன்னார்.

“அப்ப கியர்பாக்ஸ்?” என்று கேட்டேன்.

“குச்சி சரியா இடத்துல போய் நின்னும், வேகமா மாத்தும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கடிச்சா, இல்ல போட்ட கியர் தானா வெளிய குதிச்சா, அப்ப பாக்ஸுக்குள்ள பாக்கணும். அதுக்கும் முன்ன எண்ணெய் அளவப் பாக்கணும். வெளியில இருக்குற எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் உள்ள கை வைக்கணும் தம்பி.”

அறுபது வெள்ளி வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, “ஏறுறது பெரிய விஷயமில்ல. எறங்கும்போது ரெண்டாவது கியர் இல்லாம இந்த ரோட்டுல எறங்காதீங்க. பிரேக் மட்டும் தாங்காது” என்றார். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று மாதமாகத் தளர்ந்துகொண்டிருந்த திருகை நம்பி, குடும்பத்தை மலையேற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மாலை ரிங்லெட் போய்ச் சேர்ந்தோம். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்ததால் இந்த மலைக்கு அவர் பெயர். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டை வெட்டிச் சரிவில் செடி நட்ட கைகளில் நம்மவர்களின் கைகள் நிறைய உண்டு. அப்பாவின் அப்பாவும் அவர்களில் ஒருவர். அந்தக் கைகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

அப்பாவின் லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் புதிய வீடுகள். மாரியம்மன் கோயில் மட்டும் கூரை மாறி அப்படியே இருக்கிறது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். பிள்ளைகளிடம் சரிவைக் காட்டி, “ஒங்க பாட்டன் கூடை அங்கருந்து எறங்கும்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும் முன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். லைசென்ஸ் காலாவதியாகி வருடங்கள் ஆகின்றன, சாவியும் என்னிடம்தான். கிளட்சை மிதித்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுப் பார்த்தார். குச்சியை அமுக்கி, இடப்பக்கம் தள்ளி, பின்னே இழுத்து ரிவர்ஸும் போட்டார். பிறகு நடுவில் விட்டுவிட்டு இறங்கி, பக்கத்து இருக்கைக்குப் போனார்.

“எறங்கும்போது ரெண்டுலயே வா” என்றார்.

இந்த முறை காதில் வாங்கிக்கொண்டேன். தாப்பா வரை ரெண்டிலேயே வந்தோம். வண்டியை விற்பதைப் பற்றி வழியில் யாரும் பேசவில்லை.