14 என்ற எண்

ஓட வேண்டிய பம்ப் ஓடவில்லை. அலற வேண்டிய அலாரம் ஊமையாகக் கிடக்கிறது. ஒரு பொறியாளர் யார்மீதும் பழி போடவில்லை. ரேடியோவில் போகிற வருகிற ஒவ்வொரு செய்தியையும் பதிவு செய்துகொண்டிருக்கிறார். பின்னால் நடந்த வழக்கின் விவரங்கள் வழியே, பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2000ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, மரூச்சி வட்டாரம். 142 கழிவுநீரேற்று நிலையங்கள் ரேடியோ வழியாக மையக் கணினியோடு பேசுகின்றன. புதிதாகப் போட்ட அமைப்பு. ஆரம்பத்தில் மக்கர் செய்யத்தான் செய்யும். வயர் தளரும், சிக்னல் விட்டுவிட்டு வரும், புரோகிராமில் பிழை இருக்கும். எடுத்த எடுப்பில் "எவனோ புகுந்துவிட்டான்" என்பவரைவிட, பழுதாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பவர்மீதுதான் எனக்கு மதிப்பு.

கோளாறான செய்திகள் 14ஆம் நிலையத்திலிருந்து வருகின்றன. அங்கேயே போய்ப் பார்க்கிறார். கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. யாரும் கைவைத்த தடயம் இல்லை. அப்போது ஒரு சின்ன வேலை செய்கிறார். அந்த நிலையத்தின் அடையாள எண்ணை 3 என்று மாற்றிவிடுகிறார். இனி 14 என்ற பெயரில் பேச அங்கே எந்த நிலையமும் இல்லை.

மார்ச் 16. மறுபடி கோளாறு. செய்தி வருகிறது. அனுப்பியது: 14.

இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. இல்லாத நிலையம் பேசுகிறது.

அந்த எண்ணிலிருந்து வருவதை அவர் தடுக்கிறார். சிறிது நேரம் அவருடைய கணினியே இணைப்பிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. பிறகு அதே தொல்லை வேறொரு எண்ணில் வருகிறது. தளர்ந்த வயருக்கு, தன்னை ஒருவர் மடக்குகிறார் என்று தெரியாது. வழி மாறிப் போகவும் தெரியாது.

அந்த மாதங்களில் சுமார் 8 லட்சம் லிட்டர் சாக்கடை நீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. ஓடைத் தண்ணீர் கறுத்தது, நீர்வாழ் உயிர்கள் செத்தன, குடியிருந்தவர்கள் நாற்றம் தாங்காமல் தவித்தார்கள். அலாரம் ஊமையானதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ஏப்ரல் 23 இரவு. நான்கு நிலையங்களின் அலாரங்கள் அணைக்கப்படுகின்றன. போலீஸ் ஒரு காரை நிறுத்துகிறது. ஓட்டி வந்தவர், இந்த அமைப்பை நிறுவிய நிறுவனத்தில் வேலை பார்த்து விலகியவர். காருக்குள் ஒரு லேப்டாப், ஒரு ரேடியோ. கூடவே, நீரேற்று நிலையங்களில் இருப்பது போன்ற ஒரு கட்டுப்பாட்டுக் கருவி.