எதை விட்டால் பரவாயில்லை?

"நானா, எல்லாம் வாங்கக் காசு பத்தாது. இதில எதை விட்டா பரவாயில்ல?"

கிளினிக் துண்டை மேசையில் வைத்துவிட்டு இப்படிக் கேட்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. 2022 இல் டொலர் இல்லாமல் இலங்கைக்கு மருந்து வராமல் போன மாதங்களில் கேட்காதவர்கள்தான் குறைவு. ஆஸ்பத்திரியில் இல்லாததை வெளியில் வாங்கச் சொல்லி எழுதி அனுப்புவார்கள். வெளியில் விலை கைக்கெட்டாது. வந்தவர்கள் அரைவாசியை வாங்கிக்கொண்டு போனார்கள். எந்த அரைவாசி என்பதில்தான் என் தொழிலே இருக்கிறது.

பாலாவிக்கும் கற்பிட்டிக்கும் இடையில் ஒரு சிறிய பார்மசியில் நான் மருந்தாளர். மனநலக் கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை போய், வரிசையில் நின்று, ஒரு மாதக் குளிசையோடு பஸ் ஏறி வருகிறவர்கள் என்னுடைய ஆட்கள். கற்பிட்டி முனையிலிருந்து புத்தளம் டவுனுக்கு 40 கிலோமீற்றருக்கு மேல். டொக்டர் அவர்களை மாதத்தில் சில நிமிடம் பார்க்கிறார். மிச்ச நாளெல்லாம் பல்லுக்கொதிக்கும் நாரி நோவுக்கும் தடிமனுக்கும் என்னிடம் வருகிறார்கள். துண்டில் எழுதியிருப்பதும் எழுதாததும் சேர்ந்து தெரிகிற இடம் இந்த மேசை.

அந்தத் துண்டில் அடிக்கடி இரண்டு வகைக் குளிசைகள் சேர்ந்து இருக்கும். ஒன்று மனச்சோர்வுக்கு: ஃப்ளூவொக்ஸெடின், சேர்ட்ரலின், பழைய அமிட்ரிப்டிலின். மற்றது மனப்பிறழ்வுக்கு: ஓலன்ஸபீன், ரிஸ்பெரிடோன், ஹலோபெரிடோல். வீட்டில் இரண்டாவதற்கு "நித்திரைக் குளிசை" என்றுதான் பெயர். நித்திரை வந்துவிட்டால் அது தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். "சுபஹுக்கு எழும்ப ஏலாது நானா, உடம்பும் ஊதிப்போச்சு" என்பார்கள். பொய்யில்லை. ஓலன்ஸபீன் பசியைக் கிளப்பும், எடையை ஏற்றும், சீனியையும் ஏற்றும். எதை விடுவது என்று கேட்பவர் மனதில் அநேகமாக இதைத்தான் ஏற்கெனவே விட்டிருப்பார்; என்னிடம் ஒப்புதல் வாங்க வந்திருப்பார்.

ஆனால் சிலருக்கு இந்த இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். கடும் சோர்வு வந்து, சாப்பாட்டை நிறுத்தி, தன் குடல் அழுகிவிட்டது, தான் செய்த பாவத்தால்தான் குடும்பம் அழிகிறது என்று உறுதியாக நம்புகிற ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டில் ஒன்று மட்டும் போதாது. 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய நோயாளிகளில் ஓலன்ஸபீனை மட்டும் எடுத்தவர்களை விட ஓலன்ஸபீனும் சேர்ட்ரலினும் சேர்த்து எடுத்தவர்கள் கூடுதலாகக் குணமானார்கள். அதே குழுவினர் பத்து வருடம் கழித்து, 2019 இல், என் வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியையே கேட்டார்கள்: குணமான பிறகு ஓலன்ஸபீனை விட்டால் என்ன? சேர்ட்ரலினை எல்லோரும் தொடர்ந்தார்கள். ஓலன்ஸபீனையும் தொடர்ந்தவர்களில் 36 வாரத்துக்குள் நோய் திரும்பியது 100 க்கு ஏறத்தாழ 20 பேருக்கு. அது வெற்றுக் குளிசையாக மாற்றப்பட்டவர்களில் 55 பேருக்கு. எடையும் தொடர்ந்தவர்களுக்குத்தான் கூடியது என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் நான் மகளுக்கோ மருமகனுக்கோ சொல்வேன். எடைக்கு வழி தேடலாம், டொக்டரிடம் அளவைக் குறைக்கக் கேட்கலாம், இரவு ஒன்பது மணிக்குப் பதிலாக ஏழு மணிக்கு எடுத்தால் சுபஹுக்கு எழும்ப முடிகிறதா என்று கிளினிக்கில் கேட்டுப் பார்க்கலாம். தானாக விடுவது வேறு விஷயம்.

இன்னொரு கதையும் உண்டு. தூக்கமே இல்லாமல் ஓடி, கடன் வாங்கிச் செலவழித்து, பிறகு குப்புற விழுகிற இருமுனை நோய்க்காரர் சோர்வுக் குளிசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டால், சோர்வு போய் வெறி கிளம்பலாம். வீட்டில் முதலில் "சுகமாயிட்டார்" என்றுதான் சொல்வார்கள்.

இந்த இரு குடும்ப மருந்துகளுக்கும் பிறப்பிலேயே உறவு இருக்கிறது என்பது மாணவனாக இருந்த காலத்தில் எனக்குப் பெரிய ஆச்சரியம். பாரிஸில் 1952 இல் குளோர்ப்ரோமசின் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு ஒரு யுகமே மாறியது. அதன் சாயலில் செய்த இமிப்ரமினை சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன் மனச்சிதைவுக்காரருக்குக் கொடுத்தார். அவர்களுக்கு அது உதவவில்லை, சோர்ந்து கிடந்தவர்களைத்தான் எழுப்பியது. 1957 இல் எழுதி வெளியிட்டார். ஒரே சாயலில் பிறந்தவை இன்று ஒரே உறைக்குள் திரும்பவும் சேர்கின்றன.

சேரும்போது என்ன நடக்கிறது என்பதை உப்பளத்தில் வேலை செய்தவருக்கு விளக்குவது லேசு. பாத்திக்குள் நீர் வருகிற மதகு திறந்தே இருக்கிறது, வெளியே போகிற மதகை யாரோ பாதி அடைத்துவிட்டார்கள். வரும் நீரின் அளவு மாறாமலே பாத்தி நிரம்பும். ஈரலில் உள்ள சி.வை.பி. 2டி6 என்ற நொதியம் ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன், அமிட்ரிப்டிலின் எல்லாவற்றையும் வெளியேற்றுகிற வழிகளில் ஒன்று. ஃப்ளூவொக்ஸெடின் அதை அடைக்கிறது. ஹலோபெரிடோல் அளவு துண்டில் போன மாதம் மாதிரியே இருக்கும், இரத்தத்தில் கூடியிருக்கும். சேர்ட்ரலின் சாதாரண அளவில் இவ்வளவு அடைப்பதில்லை. ஃப்ளூவொக்ஸெடினுக்கு இன்னொரு குணம், நிறுத்தினாலும் லேசில் போகாது. சில வாரங்கள் உடம்பில் தங்கி அடைப்பைத் தொடரும். "அதை நிறுத்திப் போட்டாங்க" என்று சொன்னாலும் எப்போது என்று கேட்கிறேன்.

ஹலோபெரிடோல் போன்றவை கூடினால் முதலில் தெரிவது பெரும்பாலும் கால்களில். இருக்க முடியாது. இருந்தால் எழும்ப வேண்டும், எழும்பினால் நடக்க வேண்டும், படுத்தால் கால் உள்ளுக்குள் துருதுருக்கும். மருத்துவத்தில் இதற்கு அகதிசியா என்று பெயர். எனக்குத் தெரிந்து, இந்தத் தொழிலில் இதை விடத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது வேறொன்றும் இல்லை. வீட்டார் "வருத்தம் கூடிட்டுது" என்பார்கள். சிலர் ஓதிப் பார்க்கக் கூட்டிப்போவார்கள். சிலர் தாமே இன்னொரு அரைக் குளிசை கூட்டிக் கொடுப்பார்கள், அதோடு துருதுருப்பு இன்னும் ஏறும். நோயாளிக்கு அது தாங்க முடியாத வேதனை. தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை கொண்டுபோகக்கூடியது. ஆகவே கடைக்கு வந்தவர் மேசை முன்னால் காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு நின்றால், மனம் பதறுகிறதா, கால் பதறுகிறதா என்று கேட்கிறேன். அநேகர் உடனே "கால்தான்" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லை ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பியில் செருகி அனுப்புவேன். சில டொக்டர்களுக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

துண்டில் எழுதாத மூன்றாவது குளிசை நோவுக்கானது. அதன் கதை இடம்பெயர்வோடு தொடங்குகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தக் கரைக்கு. தில்லையடி, ஆலங்குடா என்று கிடுகுக் கொட்டில்களில் தொடங்கி இருபது வருடம் கழிந்த பிறகு, 2011 இல் அவர்களிடையே நடந்த ஆய்வில் 100 க்கு 19 பேர் அளவில் ஏதோவொரு பொதுவான மனநலப் பாதிப்போடு இருந்தார்கள். அதில் மிகக் கூடுதலாகக் கண்டது உடம்பு வழியாகப் பேசும் பாதிப்பு: தலையிடி, நாரி நோ, கை கால் உளைவு, நெஞ்சுப் படபடப்பு. என் மேசைக்கு அந்த ஆய்வு புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. மனம் என்று யாரும் வருவதில்லை. நோ என்றுதான் வருகிறார்கள்.

நோவுக்கு ஒரு இடத்தில் அமிட்ரிப்டிலின் கொடுத்திருப்பார்கள், இன்னொரு இடத்தில் ட்ரமடோல். கிளினிக்கில் ஃப்ளூவொக்ஸெடினும் ரிஸ்பெரிடோனும். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. ட்ரமடோல் நோவைத் தணிக்க, முதலில் அதே 2டி6 நொதியம் அதை மாற்ற வேண்டும். ஃப்ளூவொக்ஸெடின் இருந்தால் அந்த மாற்றம் குறைகிறது, நோ குறையாது. ஆனால் இரண்டும் சேர்ந்து செரட்டோனினை ஏற்றுவது மட்டும் நிற்பதில்லை. குளிசை கேட்கவில்லையே என்று இன்னொன்று போடுகிறவருக்கு நடுக்கம், வியர்வை, வயிற்றோட்டம், தசைத் துடிப்பு என்று ஒரே நாளில் வந்துவிடலாம், வலிப்பும் வரலாம். டைக்ளோஃபெனக் வேறு விதம்: சோர்வுக் குளிசையோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. "நாரி நோவுக்கு ஏதாவது தாங்க" என்று வருகிறவரிடம், வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்காமல் நான் கையை அலுமாரிக்கு நீட்டுவதில்லை. வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். அந்தப் பையிலிருந்து வெளிவருவதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்; மாமியின் பிரஷர் குளிசையும், போன வருடம் இறந்தவரின் மிச்சமும் கிடக்கும்.

இந்தக் கரைக்கென்று இன்னொரு ஆபத்து இருக்கிறது. வெயில். மனப்பிறழ்வு மருந்துகள் உடம்பின் சூட்டைச் சமன்படுத்தும் மூளைப் பகுதியை மந்தமாக்குகின்றன. விறைப்புக்குக் கொடுக்கும் பென்ஸெக்ஸோலும் அமிட்ரிப்டிலினும் வியர்வையையே குறைக்கின்றன. வாய் காய்வதும் மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் அதே காரணத்தால்தான். குளோர்ப்ரோமசின் எடுப்பவரின் தோல் வெயிலில் லேசில் கருகும். இவற்றில் இரண்டு மூன்றை எடுக்கிற ஒருவர் மார்ச், ஏப்ரலில் உப்பு வார இறங்கினால், அல்லது மத்தியானத்தில் கரைவலை இழுத்தால், மற்றவர்களுக்கு வரும் வெயில் மயக்கம் அவருக்கு முந்தி வரும். உப்பளத்தில் வேலை செய்கிறீர்களா, கடலுக்குப் போகிறீர்களா என்று கேட்பது என் வழக்கம். வேலையை விடச் சொல்ல நான் யார்? விடியவும் பின்னேரமும் வேலையை மாற்ற முடியுமா, தலைக்குத் துணி, கையில் தண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான் கேட்க முடியும். பென்ஸெக்ஸோல் இன்னும் தேவையா என்று கிளினிக்கில் கேட்கச் சொல்வேன். ஒருமுறை எழுதியது வருடக் கணக்கில் தொடர்ந்துகொண்டிருக்கும்.

காய்ச்சலென்றால் இங்கே எல்லோருக்கும் டெங்குதான் நினைவு. இந்தக் குளிசைகள் எடுப்பவருக்குக் கடும் காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டை போல் விறைத்து, வியர்த்து, பேச்சுத் தடுமாறினால் அது வேறாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் உயிரைக் கொண்டுபோகும். பனடோல் கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமல்ல. எல்லா உறைகளையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு (ஈ.டி.யூ.) போக வேண்டும், என்ன குளிசை என்று அங்கே முதலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களும் டெங்குவைத்தான் முதலில் தேடுவார்கள்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னால் எவரும் குளிசையையே தொடமாட்டார்கள். அதனால் நான் சொல்வது சிறிது. ஒவ்வொரு உறையிலும் பெயரோடு அதன் வேலையையும் தமிழில் எழுதுகிறேன்: "மனம் விழாமல் இருக்க, காலை", "சத்தம் கேட்காமல் இருக்க, இரவு", "கை நடுக்கத்துக்கு". வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் பிறையும் கீறுகிறேன். வேலை தெரிந்த குளிசையை விடுவதற்கு ஆட்கள் யோசிக்கிறார்கள். எதை விடலாம் என்று கேட்டவருக்கும் இதுதான் பதில்: உங்களிடம் உள்ள காசுக்கு எல்லாவற்றிலும் ஒரு வாரத்துக்கு எடுங்கள், அதற்குள் கிளினிக்குக்கு ஒரு கோல் போடுவோம். சோளகம் எழும்ப வாடியை மாற்றிக்கொண்டு வேறு கரைக்குப் போகிறவர்களிடம், போக முன்னமே டொக்டரிடம் சொல்லி இரண்டு மாதத்துக்குக் கேளுங்கள் என்கிறேன்.

நோன்பு மாதம் தனிக் கணக்கு. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மனநோயும் நோய்தான் என்று ஏற்பவர்கள் குறைவு. குளிசைக்குப் பதிலாகச் சிலருக்குப் போடும் மாதாந்த ஊசி நோன்பை முறிக்குமா என்று என்னிடம் கேட்பார்கள். மௌலவியிடம் கேளுங்கள், ஆனால் ஊசி நாளைத் தள்ள முதல் கேளுங்கள் என்பேன். காலைக் குளிசையை ஸஹருக்கும் இரவுக் குளிசையை நோன்பு திறந்த பிறகும் மாற்றலாமா என்பதைக் கிளினிக்கில் நோன்புக்கு முன்பே பேசிவிட வேண்டும். இருமுனை நோய்க்கு லித்தியமும் எடுப்பவர் என்றால் நான் விடாப்பிடியாக அனுப்புவேன். நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் வியர்த்தால் அதன் அளவு இரத்தத்தில் ஏறும், நோவுக்கு ஒரு டைக்ளோஃபெனக் போட்டால் இன்னும் ஏறும்.

யாரும் கணக்கில் எடுக்காதது சிகரெட். புகையிலுள்ள தார் ஈரலில் இன்னொரு நொதியத்தைத் தூண்டி ஓலன்ஸபீனையும் அதே வகையைச் சேர்ந்த குளோசபீனையும் வேகமாக வெளியேற்றுகிறது. நிக்கொட்டினுக்கு அதில் பங்கில்லை. புகைப்பவருக்கு அதனால்தான் அளவு கூடுதலாகத் தேவைப்படுகிறது. நோன்பில் பகல் முழுக்கச் சிகரெட் இல்லை. சிலர் அந்த மாதத்தோடு முற்றாக விட்டுவிடுவார்கள், நல்ல விஷயம். ஆனால் ஒரு வாரத்துக்குள் குளிசை இரத்தத்தில் ஏறி, ஆள் எச்சில் வடிய, தள்ளாடித் தூங்கத் தொடங்கலாம். குளோசபீன் என்றால் வலிப்பு வரை போகலாம். பெருநாள் கழிந்து மீண்டும் பிடிக்கத் தொடங்கினால் மறுபக்கம் சரியும், குரல்கள் திரும்ப வரும். ஆகவே பெருநாளுக்குப் பிறகு துண்டோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, இப்போது ஒரு நாளைக்கு எத்தனை பத்துகிறீர்கள் என்பதைத்தான். கூட வந்த உம்மா முறைப்பார். மகன் பத்துவது அவருக்குத் தெரியாது. அப்போது அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பக் கேட்பேன்.